பாக்தாத் போகும் தண்டவாளம்: துருக்கியில் ஏழு நாள்

முதல் நாள்: இஸ்தான்புல்

பொன்மலை ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவன் நான். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் அவர் முதலில் குனிந்து தண்டவாளத்தின் பக்கவாட்டைத்தான் பார்ப்பார். எந்த ஆலையில் உருட்டியது, எந்த வருஷம் என்று அங்கே புடைப்பெழுத்தில் இருக்கும். அதை வாய்விட்டுப் படித்த பிறகுதான் பெட்டியைத் தூக்குவார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

பாக்தாத் ரயில்பாதையைப் பற்றிப் பல வருஷமாகப் படித்துவருகிறேன். இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில் கிளம்பி, துருக்கியின் ஆசியப் பகுதியான அனடோலியாவைக் கடந்து, பாக்தாத் வழியாகப் பாரசீக வளைகுடாவைத் தொட ஜெர்மனி போட்ட திட்டம் அது. நிலம் ஒட்டோமான் சுல்தானுடையது. பணம் பெர்லினிலிருந்து. தடை போட்டவர்கள் லண்டனிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் பாரிசிலும் இருந்தார்கள். துருக்கிக்குள் இருக்கும் பகுதியை மட்டுமாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். தங்கை மகன் கதிர் மியூனிக்கில் வேலை பார்க்கிறான். அவனும் வந்து சேர்ந்துகொண்டான். ஜெர்மன் படிக்கத் தெரிந்த ஆள் கூட இருப்பது பெரிய உதவி.

காலையில் சுல்தான் அகமது சதுக்கம். நீல மசூதிக்குப் போகிற கூட்டம் ஒரு எண்கோண மண்டபத்தை ஒட்டியே நடந்துபோகிறது. ஜெர்மன் நீரூற்று என்று பெயர். எட்டுத் தூண், பச்சைக் குவிமாடம். 1898-ல் கெய்சர் இரண்டாம் வில்ஹெல்ம் இங்கே வந்துபோனதன் நினைவாக, ஜெர்மனியில் செய்து, துண்டு துண்டாகக் கப்பலில் கொண்டுவந்து பொருத்தியது. கெய்சரின் பிறந்தநாளான 1901 ஜனவரி 27 அன்று திறந்தார்கள். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். தங்க நிற மொசைக்கில் வட்ட வட்டமாகப் பதக்கங்கள். ஒன்றில் சுல்தான் அப்துல் ஹமீதின் முத்திரை, அடுத்ததில் கெய்சரின் எழுத்து, மறுபடி சுல்தான், மறுபடி கெய்சர். ஒப்பந்தப் பத்திரத்தில் இரண்டு கையெழுத்து மாறி மாறி விழுந்ததுபோல இருந்தது. அந்த 1898 பயணத்தின்போதுதான் டமாஸ்கஸில் நின்று, முப்பது கோடி முஸ்லிம்களுக்கும் தான் நண்பன் என்று கெய்சர் அறிவித்தார். அடுத்த வருஷமே பாக்தாத் பாதைக்கான முதல் இசைவு டாய்ச்ச பேங்க்கின் கைக்கு வந்தது.

மதியத்துக்கு மேல் பார்த்த கட்டடம் என்னை இன்னும் அதிக நேரம் நிறுத்திவைத்தது. ஜாலொலு மேட்டில் கோட்டைபோல நிற்கும் அது இன்று ஒரு பள்ளிக்கூடம். ஜெர்மன் மொழியில் பாடம் நடத்தும் பெயர்பெற்ற பள்ளி. கட்டியபோது அது ஒட்டோமான் கடன் நிர்வாக அலுவலகம். வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் சுல்தான் கைவிரித்த பிறகு, 1881-ல் ஐரோப்பியக் கடன்காரர்களின் பிரதிநிதிகள் ஒரு மன்றம் அமைத்தார்கள். உப்பு, புகையிலை, முத்திரைத்தாள், பட்டு, மீன் எல்லாவற்றின் வரியையும் நேராகத் தாங்களே வசூலித்துக்கொண்டார்கள். ஒரு நாட்டின் தலைநகரில், அந்நியர் நடத்திய வரி அலுவலகம். அதன் சம்பளப் பட்டியலில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள்.

ரயில்பாதைக்கும் இந்தக் கட்டடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கதிர் கேட்டான். சம்பந்தம் முழுவதும் இங்கேதான். பாதை போடும் கம்பெனிக்கு நஷ்டம் வரக்கூடாது என்பதற்காக ‘கிலோமீட்டர் உத்தரவாதம்’ என்று ஒன்று இருந்தது. 1903 ஒப்பந்தப்படி, போட்டு முடித்த ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கட்டுமானச் செலவை அடைக்க வருஷத்துக்கு 11,000 பிராங்க், ஓட்டும் செலவுக்கு 4,500 பிராங்க் என்று அரசு பொறுப்பேற்றது. ரயிலில் ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் கம்பெனிக்குக் கவலை இல்லை. அந்தப் பணத்துக்கு ஈடாகப் பாதையோர மாவட்டங்களின் விளைச்சல் வரியை, குடியானவன் களத்து நெல்போல அளந்து கொடுத்த கோதுமையில் பத்தில் ஒரு பங்கை, எழுதிவைத்தார்கள். அதைச் சேர்த்துக் கொடுக்கிற வேலை இந்தக் கட்டடத்தினுடையது.

நமக்கு இது புதிதல்ல. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-ல் முதல் ரயில் விட்ட மெட்ராஸ் ரயில்வே கம்பெனிக்கும் முதலீட்டில் 5 சதவீத லாபம் உறுதி என்று எழுதிக்கொடுத்திருந்தார்கள். குறைந்தால் இந்திய வரிப்பணத்திலிருந்து ஈடுகட்டுவார்கள். பங்குதாரர் லண்டனில் இருந்தார், வரி கட்டியவர் செங்கல்பட்டில் இருந்தார்.

இரண்டாம் நாள்: ஹைதர்பாஷா

காராகோய் துறையிலிருந்து காதிகோய்க்குப் படகு. தாமதமாக எழுந்த வெயில், தோளோடு தோள் உரசும் கூட்டம், கண்ணாடித் தம்ளரில் தேநீர். படகு கரையை நெருங்கும்போது இடதுபக்கம் ஹைதர்பாஷா நிலையம் எழும்புகிறது. எத்தனையோ படத்தில் பார்த்திருக்கிறேன். நேரில் பார்க்கும்போது, தண்ணீருக்குள்ளிருந்தே முளைத்து வந்த மாதிரிதான் இருந்தது. உண்மையும் அதுதான். கடலோரச் சேற்றில் 21 மீட்டர் நீளமுள்ள 1,100 மரக்கம்பங்களை இறக்கி, அதன்மேல் எழுப்பியது. வரைந்தவர்கள் ஓட்டோ ரிட்டர், ஹெல்முட் கூனோ என்ற இரண்டு ஜெர்மானியர்கள். ஜெர்மனியின் ஏதோ ஒரு நதிக்கரை மாளிகையை எடுத்துவந்து ஆசியாவின் வாசலில் வைத்துவிட்டார்கள்.

1917 செப்டம்பர் 6 அன்று இங்கே வெடிமருந்து வெடித்துப் பெரிய சேதம். 2010 நவம்பரில் கூரை தீப்பிடித்தது. பிறகு ரயில்கள் நின்றன. பிளாட்பாரப் பக்கம் தோண்டியபோது பழைய கால்செடோன் நகரத்தின் சுவர்கள் வெளிப்பட்டன. தொல்லியல் வேலை நடந்ததால், வேலி இடைவெளியில் தலையை நீட்டித்தான் பார்க்க முடிந்தது. தண்டவாளம் இருந்த இடத்தில் செவ்வகக் குழிகள், கயிறு கட்டிய முளைக்குச்சிகள்.

இந்த இடத்தில் ஒரு ஆளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் கெட்டிக்கார ஆளை, யாருக்கும் அடங்காதவனை, ‘அவன் சரியான எம்டன்’ என்போம். 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் துறைமுகத்தில் எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டுவீசிக் கொளுத்திய அந்த ஜெர்மன் கப்பலின் பெயர் அது. நவம்பரில் கோகோஸ் தீவுக்கருகே ஆஸ்திரேலியக் கப்பல் எம்டனை அடித்து நொறுக்கியபோது, அதன் துணைக் கேப்டன் ஹெல்முட் ஃபொன் மூக்கே சுமார் 50 பேருடன் தீவில் இறங்கியிருந்தார். அங்கே கிடந்த ஒரு பாய்மரக் கப்பலில் ஏறித் தப்பி, ஏமன் கரையில் இறங்கி, அரேபியப் பாலைவனத்தில் சண்டையிட்டு, அல் உலாவில் ஹெஜாஸ் ரயிலைப் பிடித்து, டமாஸ்கஸ், அலெப்போ, டாரஸ் மலை என்று கடந்து, 1915 மே மாதம் வந்து இறங்கிய இடம் இந்த ஹைதர்பாஷா. மெட்ராஸில் தீ வைத்த கப்பலின் ஆட்கள் இந்தப் படிக்கட்டில் அணிவகுத்து நின்றிருக்கிறார்கள். கதிருக்கு எம்டன் என்பது ஆளைச் சொல்லும் வார்த்தை என்றுதான் தெரியும். “கப்பலா மாமா அது?” என்று இரண்டு முறை கேட்டான்.

நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கிரிமியப் போர்க் காலத்தில் காலராவில் செத்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காகத் தொடங்கியது. ஓரத்தில் ஒரு நினைவுச்சின்னம். 1919, 1920-ல் இங்கே இறந்த இந்திய ராணுவத்தினர் 122 பேருக்கானது. இந்துச் சிப்பாய்களின் சாம்பலை இதன் அருகே தூவினார்கள், முஸ்லிம் சிப்பாய்களின் எலும்பை எடுத்துவந்து இங்கே மறுபடி புதைத்தார்கள். புல் வெட்டி ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். நாங்கள் இருந்த முக்கால் மணி நேரத்தில் வேறு யாரும் வரவில்லை. கதிர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். நான் சொல்லவில்லை, அவனாகவே.

மூன்றாம் நாள்: கோன்யா போகும் வழியில்

இன்று எழுத அதிகம் இல்லை. அதிவேக ரயிலில் ஐந்து மணி நேரம் போல ஆனது. துருக்கியின் அதிவேக ரயில்களில் ஒரு பகுதி சீமென்ஸ் தயாரிப்பு. 1888-ல் அனடோலிய ரயில்பாதையை இந்த நாட்டில் கால்பதிக்க வைத்த டாய்ச்ச பேங்க் இயக்குநரின் பெயர் கெயார்க் ஃபொன் சீமென்ஸ். அதே குடும்பம்தான். புதிய பாதையின் ஒரு பகுதிக்குக் கடனும் கட்டுமானமும் சீனாவிலிருந்து வந்தவை. பழைய பெயர் ஒன்று தொடர்கிறது, புதிய கடன்காரர் ஒருவர் சேர்ந்திருக்கிறார்.

நடுவில் எஸ்கிஷெஹிர். 1894-ல் ஜெர்மன் கம்பெனி இங்கே ஒர்க்‌ஷாப் அமைத்தது. பின்னாளில் துருக்கியின் பெரிய ரயில் எஞ்சின் தொழிற்சாலை ஆனது. நாகப்பட்டினத்து ஒர்க்‌ஷாப் பொன்மலைக்கு வந்து ஒரு ஊரையே உண்டாக்கியதுபோல, இங்கேயும் ரயில்தான் ஊரை வளர்த்திருக்கிறது.

அதைவிட முக்கியம், பாதை பிரிவது இங்கேதான். ஒரு கை கிழக்கே அங்காராவுக்கு. 1892-லேயே ரயில் அங்கே போய்விட்டது. அங்கிருந்து சிவாஸ், தியார்பகிர் வழியாகப் பாக்தாத்துக்கு நீட்டுவதுதான் முதலில் பேசப்பட்ட வழி. ரஷ்யா குறுக்கே விழுந்தது. காகசஸ் எல்லைக்கு அருகே ரயில் வந்தால் ஒட்டோமான் படை விறுவிறுவென்று வந்து நிற்கும் என்ற பயம் ஒன்று. அனடோலியக் கோதுமை ரஷ்யக் கோதுமைக்குப் போட்டியாகிவிடும் என்ற கவலை இன்னொன்று. 1900-ல் சுல்தானிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள்: கருங்கடலை ஒட்டிய வட அனடோலியாவில் பாதை போடுவதானால் ஒட்டோமான் அரசே போட வேண்டும், இல்லையென்றால் ரஷ்யர்தான். இன்னொரு அந்நியர் கூடாது. அதனால் பாதை தெற்கே கோன்யாப் பக்கம் திரும்பியது. தெற்கே திரும்பியதால் எதிரே டாரஸ் மலை.

கோன்யாவில் இறங்கும்போது இருட்டிவிட்டது. மௌலானா ரூமியின் பச்சைக் கோபுரத்தைத் தெருமுனையிலிருந்து பார்த்துவிட்டு அறைக்கு வந்துவிட்டோம்.

நான்காம் நாள்: கோன்யா – அதானா

டோரோஸ் எக்ஸ்பிரஸ். 1930-ல் ஓடத் தொடங்கிய புகழ்பெற்ற ரயிலின் பெயரை இன்று ஒரு பகல்நேர வண்டி சுமந்துகொண்டு ஓடுகிறது. பெட்டி முழுக்கக் குடும்பங்கள், சாக்குப் பை, சூரியகாந்தி விதைத் தோல். எதிர் இருக்கை அம்மா ஒருவர் எங்கள் கையைப் பிடித்து ஆளுக்கு ஒரு பிடி விதை கொட்டினார். மொழி தெரியாமலே மூன்று மணி நேரம் பேசிக்கொண்டு வந்தார்.

சும்ரா தாண்டும்வரை பார்க்கிற திசையெல்லாம் வயல். ஏரித் தண்ணீரைக் கொண்டுவந்து கோன்யாச் சமவெளிக்குப் பாய்ச்சும் வேலையையும் ரயில் கம்பெனிதான் எடுத்துச் செய்து 1913-ல் முடித்தது. விளைச்சல் கூடினால்தானே ரயிலுக்குச் சரக்கு, கடனுக்கு வரி.

எரேய்லி தாண்டியதும் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டேன். நான் தேடியது புல்குர்லு என்ற இடம். கம்பெனி ஒவ்வொரு தவணையிலும் 200 கிலோமீட்டர் போட வேண்டும் என்பது ஒப்பந்தம். கோன்யாவிலிருந்து 200 கிலோமீட்டர் எண்ணினால் இங்கே வந்து முடிகிறது. 5 கோடியே 40 லட்சம் பிராங்க் கடன்பத்திரத்தில், தட்டையான நிலத்தில் சுலபமாகப் போட்டு, 1904 அக்டோபர் 25-ல் திறந்தார்கள். அதோடு சரி. துறைமுகமும் இல்லை, சந்தையும் இல்லை. எதிரே மலை. அடுத்த தவணைக்குப் பணம் புரட்ட முடியாமல் நான்கு வருஷம் தண்டவாளம் இந்தப் பொட்டலில் அப்படியே கிடந்தது. வண்டி நிற்காமல் கடந்துபோன அந்த ஒரு நிமிஷத்தில் நான் பார்த்தது ஒரு ஓட்டு வீடு, தண்ணீர்த் தொட்டி, நாலைந்து பாப்ளர் மரம்.

பணம் ஏன் புரளவில்லை என்பதற்கு லண்டனுக்குப் போக வேண்டும். 1903-ல் பிரதமர் பால்ஃபோர் இந்தத் திட்டத்தில் பிரிட்டிஷ் முதலீடும் சேரட்டும் என்றுதான் நினைத்தார். பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. இந்தியாவுக்குப் போகும் வழியில் ஜெர்மானியனுக்கு நாமே பாதை போட்டுக்கொடுப்பதா என்று கேட்டன. ஏப்ரலில் அரசு பின்வாங்கியது. மே மாதம் வெளியுறவு அமைச்சர் லான்ஸ்டவுன் நாடாளுமன்றத்தில் எழுந்து, பாரசீக வளைகுடாவில் வேறு எந்த வல்லரசு கடற்படைத் தளமோ அரண்கட்டிய துறைமுகமோ அமைத்தாலும் அதை எல்லா வழியிலும் எதிர்ப்போம் என்றார்.

பேச்சுக்கு முன்பே பூட்டும் போட்டாகிவிட்டது. பாதையின் கடைசி நிலையம் குவைத் வளைகுடாவில்தான் வரும் என்று ஊகித்து, 1899 ஜனவரி 23 அன்று குவைத் ஷேக் முபாரக்கிடம் ரகசியமாகக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பிரிட்டிஷ் அரசின் சம்மதமில்லாமல் வேறெந்த அரசுக்கும் தன் நிலத்தில் ஒரு துண்டும் கொடுப்பதில்லை என்று. அதற்கு ஷேக்குக்குக் கொடுத்தது 15,000 ரூபாய். பவுன் இல்லை, ரூபாய். வளைகுடா அரசியலைப் பிரிட்டன் நடத்தியது இந்திய அரசின் அதிகாரிகளைக் கொண்டு, இந்தியக் கஜானாவைக் கொண்டு. அடுத்த வருஷம் ஜெர்மன் குழு ஒன்று நிலையத்துக்கு இடம் கேட்டு முபாரக்கிடம் வந்தது. முடியாது என்று அனுப்பிவிட்டார். கோன்யா மேட்டில் நான்கு வருஷம் கிடந்த தண்டவாளத்தின் மறுமுனையை, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், கட்டும் முன்பே அடைத்துவிட்டிருந்தார்கள்.

பொசான்டி தாண்டியதும் வண்டி மலைக்குள் நுழைகிறது. அலெக்சாந்தர் போன கணவாய் வேறு பக்கம். ரயில் சாகித் ஆற்றின் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. குகை, வெளிச்சம், குகை. காது அடைத்துத் திறக்கிறது. திடீரென்று இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. வர்தா பாலம். பெட்டியில் எல்லோரும் எழுந்து ஒரே பக்கம் சாய்ந்து கைபேசியை நீட்டினார்கள். விதை கொடுத்த அம்மா மட்டும் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார்.

ஐந்தாம் நாள்: வர்தா, பெலமெடிக்

அதானாவில் வாடகைக்கார் எடுத்து, காராய்சாலி வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் மலையேறினோம். ஊர்க்காரர்கள் இதை வர்தா என்று சொல்வதில்லை. ‘அல்மான் கோப்ருசு’, ஜெர்மன் பாலம்.

கீழிருந்து பார்த்தால்தான் அதன் அளவு தெரிகிறது. 172 மீட்டர் நீளம். அதிகபட்ச உயரம் 98 மீட்டர். அடியில் அகன்று மேலே போகப் போகக் குறுகும் கல் தூண்கள், நடுவில் மூன்று பெரிய வளைவுகள். பாதை நேராகப் போகவில்லை, மலையின் மடிப்போடு சேர்ந்து மெல்ல வளைகிறது. 1912-ல் முடித்தார்கள். ஒரு தூணின் அடிவாரம் வரை சரிவில் இறங்கிப் போய்க் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். உளி விழுந்த தடம் வரிசை வரிசையாக இன்னும் இருக்கிறது. இடதுபக்கம் சாய்ந்த தடம் கொஞ்சம், வலதுபக்கம் சாய்ந்தது கொஞ்சம். ஒரே தூணில் எத்தனை கை வேலை செய்திருக்கிறது. ஒரு இடத்தில் உளி வழுக்கிக் கல்லில் விரல் நீளத்துக்குக் கீறல். அதைப் பூசாமல் அப்படியே வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

நாங்கள் அங்கே நிற்கும்போது ஒரு சரக்கு வண்டி வந்தது. தலைக்குமேல் அவ்வளவு உயரத்தில் போனாலும் தூணில் வைத்த உள்ளங்கையில் அதிர்வு தெரிந்தது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் சரக்கு வண்டியைத் தாங்குகிறது. கட்டியவர்களின் திறமையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

பெலமெடிக் மலைக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளத்தாக்கு. குகை குடைந்த காலத்தில் ஜெர்மன் பொறியாளர்களும் ஆயிரக்கணக்கான வேலையாட்களும் இருந்த ஊர். மருத்துவமனை, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. இப்போது கூரையில்லாத சுவர்கள், ஜன்னல் சட்டத்துக்குள் அத்திச்செடி. தேநீர்க்கடைத் தாத்தா தன் தோட்ட வேலிக்குப் பழைய தண்டவாளத் துண்டுகளை நட்டிருந்தார். நான் குனிந்துவிட்டேன். கதிர் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துத் துணியால் துடைத்தான். துருவுக்கடியில் எழுத்து எழும்பியது. முதல் பாதி போய்விட்டது. ‘உப்ப்’ என்று முடியும் பாதி மட்டும் இருந்தது.

“க்ருப் மாமா. க்ருப் ஆலை. வருஷம் தெரியல.”

அதே ஆலைதான் பீரங்கியும் செய்தது. தாத்தா நாங்கள் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னொரு துண்டைக் காலால் தட்டி, இதையும் துடையுங்கள் என்பதுபோலக் கைகாட்டினார். அதில் எழுத்தே இல்லை.

ஆறாம் நாள்: பாஹ்செ

இந்த நாளை எழுத இரண்டு முறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

அதானாவுக்குக் கிழக்கே இன்னொரு மலைத்தொடர், அமானஸ். கடற்கரையோரமாக, இஸ்கெந்தெருன் பக்கமாகப் பாதையைக் கொண்டுபோயிருந்தால் இதைக் குடைந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கடலோரம் என்றால் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பீரங்கிக்கு எட்டும் தூரம். ஒட்டோமான் ராணுவம் ஒப்பவில்லை. ரஷ்யாவுக்குப் பயந்து ஒரு மலை, பிரிட்டனுக்குப் பயந்து இன்னொரு மலை. பாஹ்செ அருகே ஏறக்குறைய 5 கிலோமீட்டர் குகை. 1914-ல் போர் வெடித்தபோது டாரஸும் முடியவில்லை, அமானஸும் முடியவில்லை. முன்னணிக்குப் போகிற ஒவ்வொரு பெட்டி குண்டையும் இரண்டு மலையிலும் இறக்கி, மாட்டிலும் ஒட்டகத்திலும் லாரியிலும் ஏற்றி, மறுபடி ரயிலேற்ற வேண்டியிருந்தது. அதனால் அவசரம். அவசரத்துக்கு ஆட்கள்.

பாதையில் வேலை செய்தவர்களில் ஆர்மீனியர் ஏராளம். கணக்கர், மேஸ்திரி, கல்தச்சர், எஞ்சின் டிரைவர். 1915-ல் ஆர்மீனிய மக்களைக் குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டு விரட்டியபோது, அவர்களைப் பாலைவனத்தை நோக்கி ஏற்றிச்சென்றதும் இதே ரயில்தான். அனடோலிய ரயில்வேயின் தலைவர் ஃபிரான்ஸ் குந்தர் ஒரு புகைப்படத்தை டாய்ச்ச பேங்க்குக்கு அனுப்பினார். ஆட்டுப்பெட்டி பத்தில் 880 மனிதர்களை ஏற்றியிருக்கிறார்கள், இதுதான் நாகரிகம் பரப்பும் நம் ரயில்வே என்று மனம் கசந்து எழுதினார். பொறியாளர்கள் சிலர் தங்கள் வேலையாட்களையாவது விட்டுவையுங்கள் என்று மன்றாடிக் கொஞ்ச நாள் காப்பாற்றினார்கள். 1916 ஜூனில் அமானஸில் இருந்தவர்களையும் ஓட்டிக்கொண்டுபோனார்கள்.

அவர்கள் இடத்துக்குக் கொண்டுவரப்பட்டவர்கள், குட் நகரத்தில் பிடிபட்ட கைதிகள். இராக்கில் ஐந்து மாத முற்றுகைக்குப் பிறகு 1916 ஏப்ரல் 29-ல் பிரிட்டிஷ் தளபதி டவுன்ஷெண்டின் படை சரணடைந்தது. ஏறக்குறைய 13,000 பேர். பெரும்பகுதி இந்தியர்கள்: மராட்டியர், பஞ்சாபியர், ராஜபுத்திரர், கூர்க்காக்கள், அவர்களோடு சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், குதிரை பராமரிப்பவர். கோடை வெயிலில் பாலைவனத்தில் நடத்தியே கொண்டுவந்தார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்களைப் பாஹ்செ குகைக்கும், இந்தியரில் பெரும்பாலோரைக் கிழக்கே ராஸ் அல் ஐன் பகுதியில் பாதை போடவும் அனுப்பினார்கள். சாதாரண பிரிட்டிஷ் சிப்பாய்களில் பாதிக்கும் மேல் ஊர் திரும்பவில்லை. இந்தியரில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கே விழுந்தார்கள் என்றே தெரியாமல் போனவர்களும் அதே அளவுக்கு இருக்கிறார்கள்.

பாஹ்செ நிலையத்தில் ஒரு பெஞ்சு, ரோஜாச்செடி, கடிகாரம். மலைப்பக்கம் கையைக் காட்டி, குகை அங்கே, நடந்து போக அனுமதி இல்லை என்று சீருடைக்காரர் சொன்னார். நினைவுக்கல் ஏதாவது உண்டா என்று கதிர் கைபேசியில் மொழிபெயர்த்துக் கேட்டான். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையசைத்தார். உள்ளே போய் மூன்று தேநீர் கொண்டுவந்தார். மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்து குடித்தோம்.

பொன்மலையில் ஒரு கேங்மேன் வண்டியில் அடிபட்டுச் செத்தால், அந்த இடத்தில் சுண்ணாம்பு அடித்த ஒரு கல்லாவது நட்டுவைப்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை சூடம் ஏற்றுவார்கள். இங்கே அதுகூட இல்லை.

ஏழாம் நாள்: கார்கமிஷ்

நுர்தாவ் வழியாக வந்தோம். 2023 பிப்ரவரி 6 பூகம்பத்தின் காயம் இன்னும் ஆறவில்லை. காலி மனைகளும் புதிய கான்கிரீட்டும் மாறி மாறி வந்தன. வேகத்தைக் குறைத்து, பேசாமல் கடந்தோம்.

யூப்ரடீஸ் கரையில் கார்கமிஷ். ஹிட்டைட் காலத்து நகரத்தின் இடிபாடுகள், அதை ஒட்டியே ஆற்றைத் தாண்டும் இரும்பு ரயில் பாலம், அதற்கு அப்பால் சிரியா. 1912 முதல் 1914 வரை இந்த மேட்டில் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக அகழ்வாய்வு செய்தவர்கள் லியோனார்ட் வூலியும், பின்னாளில் அரபுப் போரில் பெயர் வாங்கிய டி. ஈ. லாரன்ஸும். கூப்பிடு தூரத்தில் ஜெர்மன் பொறியாளர்கள் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு தரப்புக்கும் ஒரே ஊர் வேலையாட்கள், ஒரே தண்ணீர். 1914-ல் கூலித் தகராறில் ஜெர்மன் முகாமில் துப்பாக்கி வெடித்தபோது, ஆட்களை அடக்கி அமைதிப்படுத்த ஓடியவர்கள் இந்த இரண்டு ஆங்கிலேயர்கள். மேட்டில் நின்று பாலத்தைப் பார்த்தால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்திருப்பார்கள் என்று தெரிகிறது.

இந்த ரயில்தான் உலகப் போருக்குக் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. சண்டை ஏறக்குறைய தீர்ந்துவிட்டிருந்தது. 1911-ல் ரஷ்யாவோடு ஜெர்மனி உடன்பட்டது. 1914 பிப்ரவரியில் பிரான்ஸோடு. கடைசியாக, 1914 ஜூன் 15 அன்று லண்டனில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரேயும் ஜெர்மன் தூதர் லிக்னோவ்ஸ்கியும் ஒப்பந்த வரைவில் சுருக்கக் கையெழுத்திட்டார்கள். பாதை பாஸ்ராவோடு நிற்கும், அதற்கு மேல் பிரிட்டன் சம்மதமில்லாமல் போகாது, கம்பெனி நிர்வாகத்தில் இரண்டு பிரிட்டிஷ் இயக்குநர்கள். பதின்மூன்று நாள் கழித்து சராயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டார்கள். ஐம்பதாவது நாள் பிரிட்டன் போர் அறிவித்தது. பத்து வருஷத்துக்கு மேல் பேசி முடித்த ஒப்பந்தம் மேசையிலேயே கிடந்தது. அந்தப் பேச்சுகளில் குவைத் ஷேக் உண்டு, இயக்குநர்கள் உண்டு, வட்டி விகிதம் உண்டு. குகை குடைபவனின் கூலி பற்றி ஒரு வரி இருந்ததாக நான் படித்ததில்லை.

டாரஸில் முழுப்பாதை இணைந்தது 1918 அக்டோபரில். அந்த மாதக் கடைசியில் ஒட்டோமான்கள் சரணடைந்தார்கள். 1921-ல் பிரான்ஸும் அங்காரா அரசும் எல்லை பிரித்தபோது, சோபன்பேயிலிருந்து நுசைபின் வரை இந்தத் தண்டவாளத்தையே எல்லைக்கோடாக வைத்தார்கள். பாதை துருக்கியுடையது, தெற்கே இறங்கினால் சிரியா. ஊர்களை இணைக்கப் போட்டது ஊர்களை வகிர்ந்துவிட்டது. ஹைதர்பாஷாவிலிருந்து பாக்தாத்துக்கு முதல் நேர் ரயில் போனது 1940 ஜூலையில்.

அந்த ரயில் பாக்தாத்தில் சந்தித்தது எதை என்று சொன்னால் பொன்மலை ஆட்கள் நம்ப மாட்டார்கள். தெற்கே பாஸ்ராவிலிருந்து பிரிட்டிஷ் ராணுவம் போட்டிருந்தது நம்முடைய மீட்டர் கேஜ். போர்க்காலத்தில் இந்தியாவிலிருந்து தண்டவாளமும் எஞ்சினும் பெட்டியும் கப்பலேறிப் போய்ப் போட்ட பாதை. வடக்கே மீட்டர் கேஜைவிட அகலமான ஜெர்மன் ஸ்டாண்டர்ட் கேஜ், தெற்கே இந்தியாவின் ஒடுங்கிய பாதை. ஒன்றில் வந்த சரக்கை இறக்கி மற்றதில் ஏற்ற வேண்டும். திருச்சியில் ஈரோட்டு பிராட் கேஜும் தஞ்சாவூர் மீட்டர் கேஜும் சந்தித்த காலத்தில் அப்பா இதைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். வெல்ல மூட்டையும் சிமெண்டும் தலைமாற்றி ஏறும். முதுகில் சாக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு சுமப்பவர்களுக்கு அவர் பெயர் சொல்லி டீ வாங்கிக் கொடுப்பார்.

சாயங்காலம் வேலிக்கு இந்தப் பக்கம் தண்டவாளத்தருகே பத்து நிமிஷம் நிற்க விட்டார்கள். பாலத்தைப் படமெடுக்கக் கூடாது என்றார் காவலுக்கு நின்ற பையன். இருபது வயதிருக்கும். ஜல்லிக்கு நடுவே புல் முழங்கால் உயரம். நான் வழக்கம்போலக் குனிந்தேன். கதிர் பாட்டிலைத் திறந்தான்.

“இந்தியாவா?” என்று கேட்டுவிட்டு, பையனும் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு எங்களோடு குனிந்து, விரலால் துருவைத் தேய்க்க ஆரம்பித்தான்.